மைஹர் கண்ட இசையாசான்

தென்னாட்டிலிருந்து காசி யாத்திரை செல்லும் நம்மவர் ஏறும் ரயில்களுள் சில, ஜபல்பூரைக் கடந்து, கட்னிக்கும் ஸத்னாவுக்கும் இடையே மைஹர் என்னும் ஊரின் வழியாகச் செல்கின்றன. வண்டி அங்கே நிற்பது சில நிமிஷங்களே. விவரம் அறிந்த பெரியவர்கள் திரிகூட மலை இருக்கும் திசை நோக்கிக் கைகூப்புவார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளேறித் தரிசிக்க வேண்டிய சாரதா தேவியின் சன்னிதி அம்மலையின் உச்சியில் இருக்கின்றது. அந்த மலை சூழ்ந்த ஊரில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு முதியவர் வாழ்ந்தார். ஐந்து வேளைத் தொழுகையில் வழுவாத அவர், சாரதா தேவியையும் தாயாகப் போற்றினார். வடநாட்டு வாத்திய இசையில் சென்ற நூற்றாண்டில் புகழ்பெற்றோருள் பலர் அவர் காலடியில் அமர்ந்து கற்றவர்களே. அவர்தாம் உஸ்தாத் அலாவுதீன் கான்.

இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை எழுத நாம் முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலனிகளில் சங்கீதம் கற்பிக்காத தெரு அரிது. விஜயதசமியன்று புதுப்பாவாடை கட்டிக்கொண்டு உற்சாகத்தோடு ஆரம்பிக்கும் குழந்தை, சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கடந்து கீதத்துக்கு வருவதற்குள் களைத்துவிடுகின்றது. இரண்டாம் ஆண்டில் வீணை உறைக்குள் புகுந்து, பரணுக்கு ஏறிவிடுகின்றது. ஆண்டு விழாவுக்கென்று தொடங்கும் சேர்ந்திசைப் பயிற்சியின் கதையும் இதுவே. முதல் வாரத்தில் கூடம் நிறைந்திருக்கும். நான்காம் வாரத்தில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கும். பெற்றோர் குழந்தைகளைக் குறை கூறுவர். ஆசிரியர் பள்ளிப் பரீட்சையைக் குறை கூறுவர். பாடம் சலித்துப்போகாமல் காப்பது எங்ஙனம் என்ற கேள்வி மட்டும் விடையின்றி நிற்கின்றது. அதற்கு இப்பெரியாரின் வாழ்க்கை தக்க விடை அளிக்கின்றது என்பது நம் எண்ணம்.

கல்வி தேடிய சிறுவன்

இன்றைய வங்க தேசத்தில், பிராமண்பாரியா வட்டாரத்தைச் சேர்ந்த ஷிப்பூர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1862 என்பாரும் 1881 என்பாரும் உளர். பின்னதையே கொண்டாலும், 1972ஆம் ஆண்டில் மறைந்தபோது அவருக்குத் தொண்ணூறு பிராயம் நிறைந்திருந்தது. தந்தையார் சிதார் வாசிப்பவர். தமையனார் அஃப்தாபுத்தீனும் இசையில் வல்லவர். வீட்டில் நாதம் ஒலித்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மனம் செல்லுமா? சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடி, வங்காளத்துக் கிராமங்களில் நாடகமாடித் திரியும் ஜாத்ரா கோஷ்டி ஒன்றில் சேர்ந்தார். அங்கிருந்து கல்கத்தாவை அடைந்து, அன்னசத்திரங்களில் உண்டு, தெருவோரத்தில் உறங்கி, ஓர் ஆசானைத் தேடி அலைந்தார்.

கிடைத்த முதல் ஆசான் நுலோ கோபால் என வழங்கப்பெற்ற வாய்ப்பாட்டு வித்வான். பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்வர சாதகம் செய்த பின்னரே ராகம் சொல்லித் தருவதாக அவர் நிபந்தனை விதித்தார், சிறுவனும் உடன்பட்டான். ஏறக்குறைய ஏழாண்டுகள் கழிந்த நிலையில் ஆசான் கொள்ளைநோய்க்கு இரையானார். அந்தத் துயரில் அலாவுதீன் வாய்ப்பாட்டைத் தொழிலாகக் கொள்வதை விடுத்து, வாத்தியங்களின் பக்கம் திரும்பினார்.

இவ்விடத்தில் அவருடைய இயல்பின் சிறப்பொன்று தோன்றுகின்றது. ஒரு வாத்தியத்தைப் பற்றிக்கொண்டு அதிலேயே நின்றுவிட அவர் மனம் இடந்தரவில்லை. சுவாமி விவேகானந்தரின் உறவினரும் நாடகக் கம்பெனியின் இசையமைப்பாளருமான ஹாபு தத்தரிடம் பல கருவிகளைப் பழகினார். லோபோ என்னும் கோவா நாட்டு பாண்டு ஆசிரியரிடம் மேனாட்டு முறையில் பிடில் கற்றார். ஹஜாரி உஸ்தாத் என்பவரிடம் நம் நாகஸ்வரத்துக்கு இனமான ஷெனாயும் நகாரா முழக்கும் பயின்றார். தென்னாட்டில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் பிடில் கற்று, அதனை நம் சங்கீதத்துக்கு உரியதாக்கியதை நம்மவர் அறிவர். அத்தகைய திறந்த மனம் இவருக்கும் வாய்த்திருந்தது. பிற்காலத்தில் இவர் எத்தனையோ மாணவர்க்கு எத்தனையோ வாத்தியங்களைக் கற்பிக்க முடிந்தது இந்த அடித்தளத்தினாலேயே.

செருக்கு அடங்கியது

இளமையில் இவ்வளவு கற்றவருக்குத் தாம் யாவும் கற்றுவிட்டோம் என்ற செருக்கு வந்தது வியப்பன்று. அது முக்தாகாச்சா ஜமீன்தாரின் சபையில் உடைந்தது. அங்கே அஹமது அலி கான் சரோத் வாசிப்பதைக் கேட்டார். கேட்ட அளவில், தாம் அதுவரை கற்றது கைம்மண் அளவே என்பது விளங்கிற்று. உடனே அவர் கால்களைப் பற்றிச் சீடராகிப் பணிவிடை செய்து வாழ்ந்தார். பின்னர் ராம்பூர் சமஸ்தானத்தை அடைந்தார். அங்கே தான்சேன் பரம்பரையில் வந்த பீன் வித்வான் வஜீர் கான், நவாப் ஹமீது அலி கானுக்கே குருவாக விளங்கினார்.

அத்தகையவரை ஏழை இளைஞன் அணுகுவது எங்ஙனம்? வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. முடிவில், நவாபின் வாகனத்தின் முன்னே விழுந்து வழிமறித்தார் அலாவுதீன். விசாரித்த நவாப் அவருடைய திறமையைக் கண்டு மகிழ்ந்து, வஜீர் கானிடமே ஒப்புவித்தார். சீடன் என்ற பெயர் கிடைத்ததேயொழியக் கல்வி கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் குரு அவரைக் கண்ணெடுத்தும் பாராமல் இருந்தார். ஊரில் விட்டுவந்த மனைவி மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகத் தந்தி வந்தபோதுதான், குருவின் நெஞ்சம் நெகிழ்ந்தது. அன்றுமுதல் துருபத், தமார் முதலிய பழைய முறைகளையெல்லாம் மனமுவந்து போதித்தார். தம் குலத்துக்கே உரியதெனக் காத்துவந்த பீனை மட்டும் விலக்கி, ரபாப், சுரசிருங்கார் முதலிய கருவிகளின் வழியே அவ்வித்தையை வழங்கினார்.

கல்விக்காக இவ்வளவு துன்புற்றவர் தம் மாணாக்கரைப் பாராமுகமாக நடத்தவில்லை என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது. தம்மிடம் இருந்த எதையும் அவர் ஒளிக்கவில்லை. தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்கு மறுக்கலாகாது என்ற உறுதி அவர் ஆசிரிய வாழ்வின் அடிநாதமாயிற்று.

அநாதைக் குழந்தைகளின் வாத்தியக் குழு

1918ஆம் ஆண்டையொட்டி மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங் அவரைத் தம் ஆஸ்தான வித்வானாகவும் குருவாகவும் ஏற்றார். அந்த ஆண்டில்தான் இன்புளூயன்ஸா விஷக்காய்ச்சல் பாரதமெங்கும் பரவி, ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. மைஹரிலும் பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர். எழுத்தறியாதவர், நாத வாசனையும் அறியாதவர். வித்வான்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைத்தற்கரிய வித்தையை இக்குழந்தைகளுக்கு அளிக்க முற்பட்டார் உஸ்தாத். அவர்களைத் திரட்டி ஒரு வாத்தியக் குழு அமைத்தார். மைஹர் பாண்டு என்று பின்னாளில் நாடறிந்தது அதுவேயாகும்.

அக்காலத்துச் சமஸ்தானங்களில் பாண்டு என்றால், சிவப்புச் சட்டையணிந்து ஆங்கிலேய மெட்டுக்களை ஊதுவது என்றே பொருள். நம் சங்கீதமோ தனி வித்வானின் கற்பனையில் மலர்வது; பத்துப்பேர் கூடி வாசித்தால் அது குலைந்துவிடும் என்பது பெரியோர் பலரின் கருத்து. உஸ்தாத் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார். சிதார், சரோத், எஸ்ராஜ், பிடில், செல்லோ, ஹார்மோனியம், தபலா ஆகியவற்றை ஒன்றுசேர்த்தார். ராகங்களில் அமைந்த சிறு சிறு உருப்படிகளைத் தாமே இயற்றினார். எழுதிவைத்துப் படிக்கும் வகை அக்குழந்தைகளுக்கு இல்லை. ஆதலால் யாவும் செவிவழியே சென்று, நெஞ்சில் பதிந்து, விரலுக்கு வந்தன. சில நிமிஷங்களில் முடியும் உருப்படியாதலின், குழந்தை அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ள இயலும். ஒன்று கைவந்ததும் வேறு ராகத்தில், வேறு தாளத்தில், மற்றொன்று காத்திருக்கும். இவ்விதம் நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் அக்குழுவுக்கெனத் தோன்றின. ஒரே பாட்டை மாதக்கணக்கில் உருப்போட்டு ஓயும் நிலை அவர்களுக்கு நேரவில்லை.

புதுமை இத்தோடு நின்றதன்று. உபயோகமற்றுக் கிடந்த துப்பாக்கிக் குழாய்களைப் பல அளவுகளில் வெட்டி, ஸ்வரஸ்தானங்களுக்கேற்ப வரிசைப்படுத்தி, ஒரு வாத்தியம் செய்தார் உஸ்தாத். ஜலதரங்கத்தைப் போலச் சிறு கோல்களால் தட்டி வாசிப்பது அது. இந்தியில் நல் என்றால் குழாய்; ஆகவே அதற்கு நல்தரங் என்று பெயர். உயிரைப் பறிக்கப் பிறந்த இரும்பு, உற்றாரை இழந்த குழந்தையின் கையில் நாதம் பேசிற்று! சிதாரையும் பாஞ்சோவையும் இணைத்து மற்றொரு கருவியும் அமைத்தார். புதிய வாத்தியம் ஒன்று கூடத்துக்குள் வந்தால் குழந்தைகளின் கண்கள் எங்ஙனம் மலரும் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. 1920களில் லக்னோவில் கூடிய சங்கீத மாநாட்டில் இக்குழு வாசித்தது. வித்வான்கள் நிறைந்த சபை கேட்டு வியந்தது.

ஆளுக்கொரு வழி

குழுவை ஆக்கியவர் தனி மாணவரையும் ஆக்கினார். இங்கே அவர் கையாண்ட முறை இன்னும் நுட்பமானது. எந்த வாத்தியம் கற்க வந்தவராயினும் முதலில் பாடவேண்டும். அவரும் பாடியே கற்பித்தார். மாணவர் அதைத் தத்தம் கருவியில் எழுப்பவேண்டும். தொண்டையில் பிறவாத ஸ்வரம் தந்தியில் பிறவாது என்பது அவர் கொள்கை. கருவி பலவாயினும் கல்வி ஒன்றாக இருந்தது இதனாலேதான்.

ஆயினும், ஒருவருக்குக் கொடுத்ததை அப்படியே மற்றவருக்கு அவர் கொடுக்கவில்லை. 1922இல் பிறந்த மகன் அலி அக்பர் கானுக்குச் சரோத்தின் வழியைக் காட்டினார். 1935-36இல் உதயசங்கரின் நடனக் குழுவோடு ஐரோப்பா சென்றபோது, அக்குழுவில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ரவிசங்கரைக் கண்டார். அவ்விளைஞர் 1938இல் ஆடம்பர வாழ்வைத் துறந்து மைஹர் வந்து சேர, சிதாரில் அவரை உருவாக்கினார். 1947இல் வந்த நிகில் பானர்ஜியும் சிதார் மாணவரே. எனினும் அவருடைய இயல்புக்கேற்ற வேறு பாணியை வகுத்தளித்தார். அவ்விருவரின் வாசிப்பையும் கேட்பவர், ஒரே குருவிடம் கற்றவர்களா என்று ஐயுறுவர். அதே 1947இல், முன்பே பெயர் பெற்றிருந்த பன்னாலால் கோஷும் புல்லாங்குழலுடன் வந்து சீடரானார். 1920களில் பயின்ற திமிர் பரன், குருவின் பாண்டில் கண்ட கூட்டிசை முறையைத் தொடர்ந்து, தாமும் வாத்தியக் குழு அமைத்துப் புகழ்பெற்றார்.

மகள் அன்னபூர்ணாவின் கதை நெஞ்சை உருக்குவது. மூத்த மகள் புகுந்த வீட்டில் சங்கீதத்தின் பொருட்டே துன்பமுற்றமையால், இளைய மகளுக்குக் கற்பிப்பதில்லையென்று உஸ்தாத் முடிவு செய்திருந்தார். ஒருநாள் அவர் வெளியே சென்றிருந்த சமயம், அண்ணன் அலி அக்பர் பாடத்தைத் தவறாக வாசிப்பதைக் கேட்ட சிறுமி, தானே பாடித் திருத்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த தந்தை அதைக் கேட்டு வாயிலிலேயே நின்றுவிட்டார். கதவுக்கு அப்பாலிருந்து கேட்டே அவள் யாவும் கற்றிருந்தாள்! அன்றே தம் முடிவை மாற்றிக்கொண்டு கற்பிக்கத் தொடங்கி, பின்னர்ச் சிதாரினும் பெரியதும் ஆழ்ந்த நாதமுடையதுமான சுர்பஹாரை அவள் கையில் கொடுத்தார். அந்த அன்னபூர்ணா தேவி, மேடையை வெறுத்து ஒதுங்கி வாழ்ந்தபோதிலும், பிற்காலத்தில் பம்பாயில் பல வித்வான்களுக்குக் குருவாக விளங்கி 2018இல் மறைந்தார்.

கோபமும் குணமும்

உஸ்தாத்தின் கோபத்தைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. பாடம் சொல்லும்போது அவர் வேறு மனிதராகிவிடுவார். ஸ்வரம் பிசகினால் கையில் அகப்பட்டது பறக்கும். பெற்ற மகனென்றும் பாராது அலி அக்பரை அடித்ததுண்டு; அவர் வீட்டைவிட்டு ஓடியதும் உண்டு. மென்மையாக நடத்தப்பெற்ற ரவிசங்கரும் ஒருமுறை கடுஞ்சொல் பொறாது மூட்டை கட்டினார். அலி அக்பர் சமாதானம் சொல்லி நிறுத்தினார். பாடம் முடிந்ததும் உஸ்தாத் பணிவே உருவாகிவிடுவார் என்பதும், அவர் அன்பு தாயன்பை ஒத்தது என்பதும் உண்மை. எனினும் அடியை அன்பு ஈடுசெய்துவிடும் என்று நாம் வாதிடப்போவதில்லை.

அடித்து வளர்த்ததால்தான் அவர் மாணவர் மேதைகளாயினர் என்று சொல்லும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். நாம் அதை ஒப்புவதற்கில்லை. கோபம் அவருடைய வீட்டிலிருந்து மாணவரை ஓடச் செய்தது. ஓடியவரைத் திரும்ப அழைத்து வந்தது அவரிடம் நாளும் ஊறிக்கொண்டிருந்த புதுமையே. அன்னபூர்ணாவைக் கதவோரத்தில் நிற்கவைத்தது எந்தப் பிரம்பு? கோபமுடைய ஆசிரியர் உலகில் எண்ணற்றவர். அலாவுதீன் கான் ஒருவரே. ஆதலின் அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதில் மயக்கம் வேண்டா.

நிறைவாழ்வு

முதுமையிலும் அவர் ஓய்ந்திலர். ஹேமந்த், மதன்மஞ்சரி முதலிய ராகங்களை ஆக்கினார். தம்பி ஆயத் அலி கானுடன் சேர்ந்து சரோத்தின் அமைப்பையே மாற்றி, அதன் நாதத்தை நீடித்து ஒலிக்கச் செய்தார். 1955இல் மைஹரில் சங்கீதக் கல்லூரி தோன்றிற்று. சங்கீத நாடக அகாதெமி 1952இல் விருதும், அரசாங்கம் 1958இல் பத்மபூஷணும் 1971இல் பத்மவிபூஷணும் அளித்தன. 1972 செப்டம்பர் 6ஆம் நாள் மைஹரிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் தொடங்கிய வாத்தியக் குழு ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. முதல் குழந்தைகள் யாவரும் மறைந்துவிட்டனர். அவர்களுக்குப் பின்வந்தவர்கள் அதே உருப்படிகளை அதே ஊரில் வாசித்து வருகின்றனர்.

நம் காலனிகளில் உஸ்தாத்துகள் பிறக்கவேண்டும் என்று நாம் பேராசைப்படவில்லை. அவர் செய்தவற்றுள் சில நம்மால் இயலாதனவும் அல்ல. வீணையைத் தொடுமுன் குழந்தையைப் பாடவைக்கலாம். நான்கு மாதம் ஒரே கீர்த்தனத்தைத் தேய்ப்பதற்குப் பதில், முத்துஸ்வாமி தீட்சிதர் பாண்டு மெட்டுக்களில் அமைத்தளித்த நோட்டுஸ்வரங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றனவே, அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கலாம். சேர்ந்திசைக் கூடத்தில் குரல் எழும்பாத பையனின் கையில் ஒரு கஞ்சிராவைக் கொடுத்துப் பார்க்கலாம். கதவோரத்தில் நின்று கேட்கும் குழந்தையை உள்ளே அழைக்கலாம். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணோ மராத்திப் பிள்ளையோ எஸ்ராஜும் தபலாவும் கொண்டு வந்தால், அவர்களுக்கும் பாயில் இடம் தரலாம். அனைத்துக்கும் மேலாக, கற்பிப்பவர் தாமும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கவேண்டும். ஊற்று வற்றாத கிணற்றில் நீர் சலிப்பதில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் மேடையேறும்போது, முதல் வாரத்தில் வந்த அத்தனைபேரும் கடைசி வாரம்வரை வந்திருந்தார்கள் என்று செயலாளர் தம் அறிக்கையில் படிப்பாராயின், அதுவே அந்த மைஹர் முதியவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.